பதினேழாம் தேதி

வக்கீல் சிங்காரவடிவேலு எந்த வழக்கிலும் தோற்றதில்லை. எந்த வழக்கையும் தீர்ப்புவரை போகவிட்டதில்லை என்பதுதான் சூட்சுமம். வாய்தா வாங்குவதில் அவர் சக்கரவர்த்தி. எதிர்காலத்திலிருந்து வந்து நீதிமன்றத்துச் சுவர்க்கடிகாரத்தைத் திருடியதாகப் பிடிபட்ட பூவராகன் அவரை நம்பி ஏழு மாதமாகச் சிறையில் இருந்தான். அவன் வந்த இயந்திரம் சாட்சிப்பொருளாகி அலமாரியில் தூசி படிந்துகொண்டிருந்தது.

"அடுத்த மாசம் ஒம்போதாம் தேதி?" என்றார் நீதிபதி.

கூண்டிலிருந்து பூவராகன் வக்கீல் பக்கம் குனிந்தான். "வேணாம் சார். அன்னைக்கு மூணு வருஷம் போட்டுடுவாங்க. வர்ற வழியில பாத்துட்டுத்தான் வந்தேன்."

வக்கீல் பூரித்துப்போனார். இப்படியொரு கட்சிக்காரன் எவனுக்கு வாய்ப்பான்!

"அப்ப, விடுதலையாகற தேதி எதுப்பா?"

"பதினேழு சார். அன்னைக்கு உங்களுக்குப் பல்வலி, வரமாட்டீங்க. ஜட்ஜய்யாவே கேஸ் கட்டைப் பிரிச்சுப் படிச்சுட்டு, ரெண்டே நிமிஷத்துல விட்டுடுறாரு."

"சரி, பதினேழு வச்சுக்கலாமா?" என்றார் நீதிபதி.

பூவராகன் கைகூப்பினான். சிங்காரவடிவேலு கறுப்பு அங்கியை உதறிச் சரிசெய்துகொண்டு கம்பீரமாக எழுந்தார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, அந்த ஒரு நாளைத் தவிர எந்தத் தேதியும் எங்களுக்குச் சம்மதம்."