ஏழாவது மாடிக்கான குறிப்பு

எங்கள் ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றதிலிருந்து முழங்கால் வலிக்கார அப்பா தெருவைப் பார்க்கவில்லை. கம்பெனிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். லிஃப்டை இயக்கும் நிரலைத் திருத்த நானே உட்கார்ந்தேன். அது பயன்படுத்திய லைப்ரரி என்ற ஆயத்த நிரல் தொகுப்பைப் பற்றி இணையத்தில் துண்டு துக்காணியாகத்தான் குறிப்புகள் இருந்தன. இன்று காலை முழுக் கையேடும் கிடைத்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கம் இருந்தது, உதாரணம் இருந்தது.

“எழுதின மகராசன் நல்லா இருக்கணும்பா,” என்றேன்.

“முதல்ல லிஃப்ட ஓட்டும்மா. அப்புறம் அவனுக்குச் சிலை வைக்கலாம்,” என்றார்.

கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘லிஃப்ட் சிலசமயம் ஏழாவது மாடிக்குப் போய்வரும். அது பிழையல்ல.’

மதியம் லிஃப்ட் ஓடியது. நாங்கள் ஏறியதும் அது மேலே போனது. ஏழு என்ற எண் எரிந்தது, கதவு திறந்தது. வெளியே துடைத்த தரையும் ஜன்னல் வெயிலும் இருந்தன. ஆள் இல்லை.

அப்பா சுவரோரம் ஒதுங்கி இடம் விட்டார்.

“வாங்க. கீழதானே? நானும் அங்கதான்.”

கீழே வந்ததும் அப்பா, அதுவரை பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டார். தெருவில், யாரும் இல்லாத பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே, மரநிழல் விழுந்த பக்கத்தை விட்டுக்கொடுத்து, தான் வெயிலில் நடந்தார்.