இன்னாசியின் மச்சம்

இன்னாசியின் இடது புறங்கையில் இருந்த மச்சத்தை உளுந்து என்று நம்பியே அந்தச் செவலைக்கோழி வளர்ந்தது. கொல்லையில் அவர் உட்கார்ந்ததும் மடியில் ஏறி, தலையைச் சாய்த்துப் பார்த்து, வலிக்காமல் ஒரு கொத்து கொத்தும். வராது. மறுநாளும் கொத்தும்.

“ஏட்டி, இது உளுந்து இல்லட்டி” என்று திட்டுவார். கையை மட்டும் இழுத்துக்கொள்ள மாட்டார்.

மச்சம் பெருத்துக்கொண்டே போகிறதென்று டாக்டர் அதை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார். முடிவு இன்னும் வரவில்லை. கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்தவரின் மடியில் கோழி ஏறியது. கையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடியது. கொத்தாமல் நின்றது.

“புஷ்பம், ஒரு தொலி உளுந்து எடுத்துட்டு வா.”

மனைவி கொண்டுவந்த கறுத்த உளுந்தை, மச்சம் இருந்த இடத்தில், கட்டின்மேல் வைத்தார். கோழி கொத்தியது. இத்தனை காலமும் வராதது வந்துவிட்டது. ஆனால் அது விழுங்கவில்லை. அவர் மடியில் போட்டது. எடுத்து மறுபடியும் போட்டது. கொக் கொக்கென்று அடித்தொண்டையில் கூப்பிட்டது.

“ஏங்க, தாய்க்கோழி குஞ்சுக்குல்லா அப்படி எடுத்துப் போடும்” என்றாள் புஷ்பம்.

இன்னாசி அந்த உளுந்தை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.