கம்பெனி வேனில் வந்த ஆய்வு

கம்பெனி வேனிலிருந்து இறங்கி வருகிறவன் என்ன சொன்னாலும் குருவம்மாளுக்கு நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. மதுரைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறானாம், பெயர் ஜெயச்சந்திரனாம். நாரணாபுரத்து வெயில் சாய்ந்து, வேனின் நிழல் அவள் வாசல்வரை நீண்டு கிடக்கிறது. வேனுக்குள்ளே கம்பெனி டிரைவர் பாண்டி வேறெங்கோ பார்க்கிற மாதிரி உட்கார்ந்து காதை மட்டும் இங்கே வைத்திருக்கிறான். ஜெயச்சந்திரனின் அட்டையில் செருகிய தாளில் கட்டம் கட்டமாகத் திட்டம் போட்டிருக்கிறது: இருபது நாள், அறுபது வீடு, அப்புறம் அறிக்கை. "பஸ்ஸ நம்புனா நாள் தள்ளிப்போகும்க்கா. உங்க கம்பெனி மேனேஜர்தான் வேன் குடுத்து உதவுனாரு" என்று அவனே பெருமையாகச் சொல்கிறான். பட்டாசு ஃபேக்டரியிலிருந்து இப்போதுதான் வந்து இன்னும் மருந்துப்பொடி கழுவாத கையை அவள் முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாள். "உங்க பேரு வெளிய வராதுக்கா. வெடிமருந்து அடைக்கையில கையுறை குடுக்காங்களா?" பாண்டி தலையை லேசாகத் திருப்புகிறான். "குடுக்காக, குடுக்காக" என்கிறாள் குருவம்மாள், வேனுக்கும் கேட்கிற குரலில். "எல்லா வீட்டுலயும் இதே பதில்தான்க்கா. வேலை சொன்ன தேதிக்கு முன்னாடியே முடிஞ்சிரும்." கேள்வித்தாளில் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, சம்மதக் கையெழுத்துக்கு அதே தாளை நீட்டுகிறான். வேறு வழியில்லாமல் கை வெளியே வருகிறது. அவள் தன் பேரை எழுதி முடிக்கையில், டிக் அடித்த இடத்தின்மேலேயே, தாளை அழுத்திப் பிடித்த இடது கையின் நாலு விரலும் வெள்ளி வெள்ளியாகப் பதிந்திருக்கின்றன. அவன் தூசி என்று நினைத்து அதை ஊதிவிடுகிறான்.