ரொம்பத் தூரம்

நர்ஸ் அந்தக் குழாயைத் தொண்டைக்குள் இறக்கிச் சளியை உறிஞ்சும்போதெல்லாம் அப்பாவின் கண்ணோரம் நீர் வழிந்தது.

"அது உடம்பு தானா பண்றதும்மா. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

தெரியாதென்று யார் கண்டது?

இரண்டு நாளாக மகள் இதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கொழகொழவென்று அந்தச் சத்தம். மருந்தும் மூத்திரமும் கலந்த வாடை. காலரில் பொட்டு அழுக்கு இருந்தாலும் தெருவில் கால் வைக்காத மனிதர், வாயோரம் பிளாஸ்திரி ஒட்டிக் கிடக்கிறார்.

மெஷின்தான் மூச்சு விடுகிறது, எடுத்தால் அடங்கிவிடும், இனி உங்கள் முடிவு என்று டாக்டர் முந்தாநாளே கையை விரித்துவிட்டார். தம்பிதான் ஃபோனில் குழந்தை மாதிரி விசும்பினான்.

"எடுக்க விட்டுடாதக்கா. உயிரோட ஒரு தடவை பாத்துடறேன். இங்கேருந்து மூணு ஃப்ளைட் மாறணும், ரெண்டு நாள் ஆயிடும். அதுவரைக்கும் எப்படியாவது வெச்சிரு."

வைத்திருந்தாள்.

பார்க்க வந்தவர்கள் "இன்னுமா வரல?" என்று இழுத்தபோது சண்டைக்கே போனாள். "ரொம்பத் தூரம் சித்தி. பறந்துதான் வர்றான், அதுக்கு மேல என்ன பண்ணுவான் பாவம்?"

அப்பாவின் காதிலும் குனிந்து சொன்னாள். "கொஞ்சம் பொறுத்துக்கோங்கப்பா."

விமான நிலையத்துக்குப் போன கணவரின் குரல் வராந்தாவில் கேட்டது. ஓடிப்போய்க் கதவைப் பாதி திறந்தவள் அப்படியே நின்றாள்.

தம்பி பெஞ்சில் உட்கார்ந்து, ஷூவுக்கு மேல் ஆஸ்பத்திரியின் நீல உறையை மாட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்கவில்லை.

"நேரா வர்ற ஃப்ளைட் அஞ்சே மணி நேரம் அத்தான், தினம் ரெண்டு இருக்கு. அதுல வந்தா என்ன பாயிண்ட் கிடைக்கும்? எவ்வளவு தூரம் பறக்கறோமோ அவ்வளவு பாயிண்ட்தான் ஏர்லைன்ஸ்காரன் போடுவான். அவன் தர்ற கோல்டு கார்டுக்குக் கொஞ்சம்தான் குறைஞ்சுது. அதான் ஒரு சுத்து சுத்தி வந்தேன். ஏறிடுச்சு! இனிமே எந்த ஏர்போர்ட்லயும் வரிசையில நிக்க வேண்டாம்."

கணவர் சுவரைப் பார்த்தார்.

அவள் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பி வந்தாள்.

நர்ஸ் மறுபடியும் குழாயை எடுத்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா, தம்பி வந்துட்டாரா?"

மகள் அப்பாவின் நெற்றியில் கை வைத்தாள்.

"இல்ல சிஸ்டர், அவன் வரல. டாக்டரைக் கூப்பிடுங்க. எடுத்துடலாம்."