தலைமை இல்லாத காவல்

டாக்டர் புகழ்வேந்தன் வயர் வெட்டும் கட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரப்பில் நிறுத்தி வைத்திருந்த தன் செல்போன் கேமராவைப் பார்த்து விருதுக் குழுவுக்காகப் பேசினார்.

"நம் உடம்பில் நோயை எதிர்க்கும் அணுக்களுக்குத் தலைவர் கிடையாது. நம்மவர் யார், அந்நியர் யார் என்று ஒவ்வொன்றும் தானே கற்றுக்கொள்கிறது. என்னுடைய செயற்கை நுண்ணறிவுப் பெட்டிகளும் அப்படித்தான்."

பாகூர் ஏரிக்குக் கீழே, கெங்கம்மாளின் மோட்டார் கொட்டகையைச் சுற்றிக் கம்பத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பெட்டிகள் கண் சிமிட்டின.

இரண்டு முறை திருடர்கள் அவளுடைய மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொரு முறை போனால் நாற்றங்கால் கருகிவிடும்.

ஆளைக் கற்றுக்கொள்ளும்போது பெட்டிகள் குழம்பக் கூடாது என்று பதினைந்து நாட்களாக அவளையோ ஊராரையோ டாக்டர் அந்தப் பக்கம் விடவில்லை. விடிகாலையில் அவரே வந்து மோட்டாரைப் போட்டார், அவரே நிறுத்தினார். இன்று வீடியோ எடுக்கும் மும்முரத்தில் இன்னும் போடவில்லை.

"இப்போது நான் திருடன்" என்று அறிவித்துவிட்டு வயரில் கட்டரை வைத்தார்.

பெட்டிகள் சும்மா இருந்தன.

முகத்தைத் துண்டால் மறைத்து, குனிந்து பதுங்கி, மறுபடி வைத்தார். பெட்டிகள் பச்சை விளக்கு காட்டி வரவேற்றன.

"நவுருங்க சார், நாத்து காயுது." தடையை மீறி வரப்பில் வந்த கெங்கம்மாள் கொட்டகைக்குள் போய்ச் சுவிட்சைப் போட்டாள்.

பன்னிரண்டும் ஒன்றாக அலறின.

கரும்புக்குள்ளிருந்து இரண்டு பேர், களத்திலிருந்து நாலு பேர், ஏரியில் குளித்துக்கொண்டிருந்த காத்தவராயன் ஈரத் துண்டோடு. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மண்வெட்டியும் கம்புமாக ஓடி வந்தவர்கள் கெங்கம்மாளைத் தாண்டிப் போய், முகத்தை மூடிக்கொண்டு கட்டரோடு நின்ற ஆளைச் சுற்றிக்கொண்டார்கள்.

காத்தவராயன் காலரைப் பிடித்தான். "இன்னாபா, யாரு வூட்டுக்கு வந்த?"

டாக்டர் கட்டரைக் கீழே போட்டுவிட்டுப் பெட்டிகளைக் கை காட்டினார்.

கெங்கம்மாள் அவசரப்படவில்லை. தண்ணீர் வாய்க்காலில் இறங்கி நாற்றங்காலின் கடைசி மூலை நனைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வுடுங்கடா. நம்ம ஆளுதான்."

அன்று மாலையே விருதுக் குழுவுக்கு அறிக்கை போனது. தலைமை இல்லை. கட்டளை இல்லை. வயரை வெட்ட வந்த அந்நியர் நான்கே நிமிடத்தில் பிடிபட்டார். சோதனை முழு வெற்றி.

பிடிபட்டவர் பெயர் என்ற இடத்தை மட்டும் டாக்டர் காலியாக விட்டிருந்தார்.