ஒரிஜினல் சிப்

"ரோஸ்விதா காதுல மட்டும் விழக் கூடாது," என்றார் கெர்னோட், கார் சாவியை நீட்டிக்கொண்டே.

மெக்கானிக் டீலோ சிரித்துக்கொண்டான். எஞ்சின் சிப் மாற்ற வருகிற புருஷன்மார் எல்லாரும் அவனிடம் முதலில் சொல்வது இதைத்தான்.

கெர்னோட் ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் அவரைத் தெரியாதவர்களுக்குக்கூட அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைத் தெரியும். முப்பது வயதைத் தாண்டிய கார். வீட்டில் அதற்குத்தான் முதல் மரியாதை. ஆனால் சில வருஷங்களாக அதற்கு என்ன வந்ததோ, மேட்டைக் கண்டால் மூச்சு வாங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரும் நண்பர் எக்கார்டும் மலைப்பாதையில் உச்சி விடுதி வரை போட்டி போட்டு ஏறுவார்கள். எக்கார்டின் கார் மட்டும் என்ன வாழ்ந்தது, அதுவும் திணறித் திணறித்தான் ஏறும். ஆனாலும் கடைசி வளைவில் எப்படியோ இவரை முந்திவிடும். முந்தினால் பேசாமல் போக வேண்டியதுதானே! ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு டாட்டா வேறு காட்டுவார் அந்த மனுஷர்.

இந்த ஞாயிறும் தோற்றால் காரை விற்றுவிடுவது என்று கெர்னோட் முடிவு கட்டியிருந்தார். திங்கட்கிழமை பார்க்க வருவதாக சூரிச்சிலிருந்து ஓர் ஆள் சொல்லியிருந்தார்.

மனைவியிடம் மறைக்கக் காரணம் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்பு இதே மலைப்பாதையில் நண்பர்கள் இருவரும் போட்டி போட்டு, இரண்டு காரும் ஒன்றன்பின் ஒன்றாக முட்டைக்கோஸ் வயலுக்குள் இறங்கின. உயிர் தப்பியதே பெரிய விஷயம். வீட்டில் ஒன்று அந்தக் கார் இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ரோஸ்விதா பெட்டியோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அப்புறம் என்ன தோன்றியதோ, கார் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த அன்றே அவளும் வந்து, ஆசை தீர ஓட்டிக்கொள் என்றாள். அந்தப் பெருந்தன்மையை நினைத்து இன்றைக்கும் உருகுவார் கெர்னோட்.

டீலோ இருக்கைக்கு அடியில் இருந்த கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தான். எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று உத்தரவு போடுகிற சிப் உள்ளே இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"இதுக்கு முன்னாடி யாராவது இதைத் திறந்தாங்களா டாக்டர்?"

"சேச்சே. ஃபாக்டரியில மூடினது. ஒருத்தர் கையும் பட்டதில்லை."

டீலோ பழையதைக் கழற்றிவிட்டு, வேகம் கூட்டும் புது சிப்பைச் செருகினான். கழற்றியதை அவர் கையில் கொடுத்து, ஒரிஜினல் பாகம் இல்லாவிட்டால் பழைய காருக்கு மதிப்பே போய்விடும், தூக்கி எறிந்துவிடாதீர்கள் என்றான். அது இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும் என்றார் கெர்னோட்.

ஞாயிற்றுக்கிழமை கார் ஏறியதா பறந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. இத்தனூண்டு சிப் இவ்வளவு வேலை பார்க்குமா என்று வாயைப் பிளந்தார். இரண்டாவது வளைவிலேயே எக்கார்டைத் தாண்டிவிட்டு, மறக்காமல் டாட்டாவும் காட்டினார்.

உச்சி விடுதியில் மனைவிமார் இருவரும் செர்ரி கேக்கோடு காத்திருந்தார்கள். எக்கார்ட் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். "என் வண்டி செத்துப்போச்சுடா. நாளைக்கே தள்ளிவிடறேன்," என்றார். வெற்றி மயக்கத்தில் இருந்த கெர்னோட், தாராள மனசோடு சூரிச் ஆளின் நம்பரை அவருக்குக் கொடுத்தார். ரோஸ்விதாவும் எக்கார்டின் மனைவி உல்ரிகேவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் ரோஸ்விதா தோட்டத்தில் இருக்கும் நேரம் பார்த்து, கழற்றிய சிப்பை ஒளித்து வைக்க நிலவறைக்கு இறங்கினார் கெர்னோட். இடம் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். கல்யாணத்துக்கு அவருடைய அம்மா கொடுத்த, சீஸ் உருக்குகிற ஃபாண்டூ பாத்திரம். மாமியார் கொடுத்தது என்பதாலேயே ரோஸ்விதா அதை ஒரு நாளும் அடுப்பில் ஏற்றியதில்லை.

மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டு மிட்டாய் டப்பாக்கள் இருந்தன. ஒன்றைத் திறந்தால், பஞ்சுக்கு நடுவில் ஒரு சிப், ஃபாக்டரி முத்திரையோடு. தன் கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். அதில் எந்த முத்திரையும் இல்லை.

"அதுதான் நம்ம காரோட ஒரிஜினல்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். படியில் தோட்டக் கையுறையோடு ரோஸ்விதா நின்றிருந்தாள். "உன் கையில இருக்கறது, வேகத்தைக் குறைக்கச் சொல்லி அப்போ பழைய மெக்கானிக்கிட்ட நான் மாட்ட வெச்சது. ஒரிஜினலைத் தூக்கி எறிய மட்டும் மனசு வரலை."

கெர்னோட்டுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. எட்டு வருஷமாகக் காருக்கு வயசாகிவிட்டது என்று நம்பி, அதை விற்கவே துணிந்துவிட்டாரே!

"என்ன இருந்தாலும் எக்கார்டை நியாயமா ஜெயிச்சேன் இல்லையா?" என்று முனகிக்கொண்டே இரண்டாவது டப்பாவைத் திறந்தார். அதிலும் முத்திரையோடு ஒரு சிப்.

"அது எக்கார்டோடது," என்றாள் ரோஸ்விதா. "பாவம் உல்ரிகே, அவ வீட்டுல ஒளிச்சு வைக்க இடமே இல்லையாம்."