ஒரு அவசரம்னா

வெடிச்சத்தம் கேட்டதும் முனியராஜ் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓடினான்.

புகை அவன் மனைவி வேல்விழி வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிப் பக்கம்தான் எழுந்தது.

கம்பெனிக்குப் போகும் மண்பாதையில் ஓர் ஓடைப் பாலம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். அவன் போய்ச் சேர்ந்தபோது, அடிபட்டவர்களை ஏற்றிவர செல்லச்சாமி தன் லோடு வேனைப் பாலத்தில் ஏற்றப் போனார். எதிரே புழுதியைக் கிளப்பிக்கொண்டு முதலாளி லட்சுமிகாந்தத்தின் வெள்ளைக் கார் வந்தது.

அதைப் பார்த்ததும் முனியராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது அவன் கைபட்ட கார்.

போன ஆடியில் முதலாளி அதைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சொன்னது ஒரே வரி.

"ஏலே முனியராஜு, நாளைக்கு ஒரு அவசரம்னா வண்டி பறக்கணும்லே."

கம்பெனியில் அவசரம் என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு முந்தைய வருஷம் இதே கம்பெனி வெடியில் கருகிய வேல்விழியின் தங்கையை ஆஸ்பத்திரிக்கு டிராக்டரில் போட்டுக்கொண்டு போனார்கள். ஆமத்தூர் தாண்டும்போதே அவள் போய்விட்டாள்.

இருக்கன்குடிக் கோயிலுக்கு நடந்து வருவதாக நேர்ந்திருந்ததைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு, மூன்று நாள் காருக்கு அடியிலேயே கிடந்தான்.

பின் அச்சில் இருக்கும் பல்சக்கரத்தை ஒரு விதமாக மாற்றினால் இழுவை கூடும், இன்னொரு விதமாக மாற்றினால் வேகம் கூடும். இரண்டும் சேர்ந்து வராது. ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, பாலத்தைத் தாண்டித் தார்ச்சாலைக்குப் போகும் மேட்டில் ஏற இழுவைதான் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னான். முதலாளி கேட்கவில்லை. நாலுவழிச் சாலையில் பறந்தால் போதும் என்றார். காசு இருக்கிற அளவுக்கு விவரம் இல்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டே அவர் கேட்ட சக்கரத்தை மாட்டினான்.

இப்போது வேனுக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றான்.

"ஒதுங்குங்கண்ணே! மொதலாளி ஆள ஏத்திக்கிட்டு வாராக!"

செல்லச்சாமி வேனைப் பின்னால் எடுத்து வேலிமுள்ளுக்குள் இறக்கினார். பின்சக்கரம் மணலில் புதைந்தது.

கார் பாலத்தைத் தாண்டியது. வேல்விழி, வேல்விழி என்று கத்திக்கொண்டே முனியராஜ் கண்ணாடியோடு ஒட்டி ஓடினான்.

பின்சீட்டில் ஒரு தோல்பெட்டி இருந்தது. வேறு யாரும் இல்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த லட்சுமிகாந்தம் திரும்பிப் பார்க்கவில்லை.

மேட்டில் கார் திணறவே இல்லை. ஆளை ஏற்றாத வண்டி எதற்குத் திணறும்?

தார்ச்சாலையில் ஆஸ்பத்திரிக்கு இடது பக்கம், மதுரை நாலுவழிச் சாலைக்கு வலது பக்கம். கார் ஒழுங்காக சிக்னல் போட்டு வலது பக்கம் திரும்பியது. அப்புறம் பறந்தது.



படுபாவி பொய்கூடச் சொல்லவில்லை. அவசரம் என்றுதான் சொன்னான். எந்தப் பல்சக்கரம் வேண்டும் என்பதையும் தெளிவாகத்தான் சொன்னான். விவரம் இல்லாமல் போனது கேட்டுக்கொண்டிருந்தவனுக்குத்தான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இரண்டாவது முறை வெடித்தது.

வேன் மணலில் உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. தான் இறக்கவைத்த வண்டிக்குத் தோள் கொடுக்க முனியராஜ் ஓடினான்.